தொடக்கப் பள்ளியில் பாண்டு வாத்தியம்

குடியரசு நாளன்றும் சுதந்திர நாளன்றும் வட்டத் தலைநகரில் நடைபெறும் கொடியேற்று விழாவுக்குச் செல்லும் ஊராட்சி உறுப்பினர்கள், நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாண்டு வாத்தியம் முழங்க அணிவகுத்து வருவதைக் கண்டிருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளியிலும் இவ்வாறு ஒரு குழு இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அப்போது எண்ணாதவர் இரார். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் ஐயங்கள் பல எழுகின்றன. செலவை யார் ஏற்பது? கற்றுக்கொடுக்க ஆள் ஏது? எட்டு வயதுப் பிள்ளையால் இது இயலுமா? இவற்றிற்கெல்லாம் மேலாகப் பெற்றோர் சிலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "மேளம் அடிப்பதற்கா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?"

இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. கடைசியாகச் சொன்ன கேள்விக்கு விடை கூறுவதுதான் ஊர்ப் பெரியோர்களின் தலையாய கடமையாகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். இசை கற்ற பிள்ளைக்குக் கணக்கும் தானாகவே வந்துவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் அத்தகைய பயன் மிகச் சிறியதே என்கின்றனர். ஆதலின் அந்த ஆசையைக் காட்டிப் பெற்றோரை இணங்கச் செய்ய வேண்டுவதில்லை. பிறர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டல், தன் முறை வரும்வரை பொறுத்திருத்தல், இருபது பேரோடு ஒரே சமயத்தில் அடி எடுத்து வைத்தல் ஆகிய இவை பாண்டு வாத்தியத்தால் நேராகவே கிடைக்கும் பயன்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளையும் தன்னால் ஒன்றைச் செவ்வையாகச் செய்ய இயலும் என்று கண்டுகொள்கிறது. இவையே போதுமானவை.

மணலியில் நிகழ்ந்தது

பாண்டு வாத்தியம் வெள்ளைக்காரர்களின் வாத்தியம் ஆயிற்றே, அது நம் கிராமத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்போர் உளர். அவர்கள் சென்னைக்கு வடக்கே நிகழ்ந்த ஒரு வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தை அடுத்து இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீண்டு செல்லும் கடற்கரைப் பகுதி இன்று ஆலைகளும், மீன்பிடி துறைமுகமும், சரக்குந்துகளும் நிறைந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணி இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. திருவொற்றியூருக்கு மேற்கேயுள்ள மணலி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர் பெற்றது. திருவொற்றியூர், மணலி, எண்ணூரை அடக்கிய கத்திவாக்கம் ஆகிய நகராட்சிகள் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டன. அதற்கும் அப்பால் மீஞ்சூர் வட்டாரத்தில் ஒருபுறம் புகைபோக்கிகளும் மறுபுறம் வயல்களும் உப்பங்கழிகளுமாகக் கிராமங்கள் விளங்குகின்றன.

இந்த ஆலைகள் தோன்றுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், மணலி ஒரு சிற்றூராக இருந்த காலத்தில், அவ்வூர்ச் செல்வரான முத்துகிருஷ்ண முதலியார் திருவாரூரிலிருந்து இராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு வரவழைத்து ஆதரித்தார். தீட்சிதரின் புதல்வர்கள் முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என்போர். முத்துகிருஷ்ண முதலியாரின் மகனும், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவருமான சின்னையா முதலியார் என்கிற வெங்கடகிருஷ்ண முதலியார், இவர்களைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, அங்கு இசைக்கப்பட்ட ஐரோப்பியர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார்.

அதனால் விளைந்தது என்ன? 1786ஆம் ஆண்டில் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் பிடில் கற்று, அதனை நம் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். பின்னர் அவர் எட்டையபுரம் அரசவையின் வித்துவான் ஆனார். இன்று பிடில் இல்லாத கச்சேரி அரிது. மூத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் பாண்டு மெட்டுக்கள் சிலவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ஏறக்குறைய நாற்பது எண்ணிக்கையுள்ள அப்பாடல்கள் 'நோட்டு ஸ்வர சாகித்தியம்' என்று வழங்குகின்றன. பெரும்பாலும் சங்கராபரண ராகத்தில் எளிய நடையில் அமைந்துள்ளமையால் அவற்றை இன்றும் சிறு பிள்ளைகளுக்கு முதற் பாடமாகக் கற்பிக்கின்றனர்.

இவ்வாறே தஞ்சையை 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் ஐரோப்பிய முறையில் பாண்டு வாத்தியக் குழு ஒன்றை வைத்திருந்தார். ஐரோப்பியர்களோடு வந்த கிளாரினெட்டைத் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் முழுக் கச்சேரிக்கு உரிய கருவியாக உயர்த்தினார். மங்களூர்ப் பக்கத்தில் நாகசுர வித்துவான் ஒருவரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், சிறு வயதில் மைசூர் அரண்மனைப் பாண்டில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டு அதன்மேல் பற்றுக் கொண்டார். பின்னாளில் அக்கருவியிலேயே கருநாடக இசை வாசித்துப் புகழ் பெற்றார்.

ஆகவே பாண்டு வாத்தியம் நமக்கு அயலானது அன்று. மணலி வரலாற்றில் நாம் மனத்தில் இருத்தத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் முன்னரே பாடத் தெரிந்தவர்கள், கேட்கப் பழகியவர்கள். கருவி அவர்கள் கைக்கு வந்தபோது காது ஆயத்தமாக இருந்தது. தொடக்கப் பள்ளியிலும் இந்த முறையே சிறந்தது.

எந்த வயதில் எது?

நாற்றங்காலில் விதைத்த மறுநாளே எவரும் நடவுக்குச் செல்வதில்லை. பாண்டு வாத்தியமும் அப்படித்தான். முதல் ஆண்டிலேயே சீருடையும் ஊர்வலமும் வேண்டும் என்று விரும்பினால் பிள்ளைகளுக்குச் சலிப்பும் ஆசிரியருக்கு வருத்தமுமே மிஞ்சும்.

முதல் இரண்டு வகுப்புக்களில் பாடுதல், கைதட்டுதல், தாளத்துக்கு நடத்தல் ஆகியவை போதும். மூன்றாம் வகுப்பில் கைத்தாளம், முக்கோணம், சிறு டிரம் ஆகியவற்றைத் தொடலாம். ஸ்வரக் கருவிகளை நான்காம், ஐந்தாம் வகுப்புக்களில் தொடங்குவது முறையாகும். பள்ளிப் பாண்டுக்குப் பெயர் பெற்ற அமெரிக்க நாட்டிலும் பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதுக்குப் பின்னரே பிள்ளைகளைச் சேர்க்கின்றனர்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஆறு வயது முதல் முன்வரிசைப் பால் பற்கள் விழத் தொடங்கி, எட்டு வயதையொட்டி நிலைப் பற்கள் முளைக்கின்றன. பியூகிள், டிரம்பெட், கிளாரினெட் போன்றவற்றை ஊதும்போது உதட்டுக்கும் கருவியின் வாய்க்கும் தாங்கலாக நிற்பவை இந்த முன்பற்களே. அவை உறுதிப்படாத பிள்ளையிடம் அக்கருவிகளைக் கொடுத்தல் ஆகாது. ஆறாம் வகுப்புக்குச் சென்றபின் அவற்றைத் தொடங்கினால் ஒரு குறையும் இல்லை.

முதற் பாடம்: வாயும் கையும்

தாளத்தைக் கற்பிக்க விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் எதுவும் இல்லை. நம் முன்னோர் வைத்துள்ள சொற்கட்டுக்களே போதுமானவை. 'தக' என்றால் இரண்டு. 'தகிட' என்றால் மூன்று. 'தகதிமி' என்றால் நான்கு. 'தகதகிட' என்றால் ஐந்து. 'தகிட தகதிமி' என்றால் ஏழு. பிள்ளைகள் இவற்றை வாயால் சொல்லி, கையால் தட்டி, காலால் நடக்கட்டும்.

அணிநடைக்கு உரியது 'தகதிமி'. 'தக' என்னும்போது இடக்கால், 'திமி' என்னும்போது வலக்கால். இது பழகியபின், பெரிய டிரம் அடிப்பவன் 'த' என்னும் எழுத்தில் மட்டும் அடிக்க, சிறு டிரம் அடிப்பவர்கள் நான்கு எழுத்துக்களையும் அடித்தால் அதுவே பாண்டு வாத்தியத்தின் அடிப்படை. படைவீரர்கள் நிமிடத்துக்கு 120 அடி எடுத்து வைப்பர். சிறு பிள்ளைகளுக்கு 100 அடி போதும். முதல் சில திங்கள் நின்ற இடத்திலேயே வாசிக்கட்டும். நடந்துகொண்டே வாசித்தல் பின்னர் வரும் பயிற்சி.

ஸ்வரமும் இவ்வாறே. ச ரி க ம ப த நி என்னும் ஏழு ஸ்வரங்களைக் கைச்சைகையோடு பாடத் தெரிந்த பிள்ளைக்குக் கருவி எளிதில் வசப்படும். ஐரோப்பியக் குறிமுறையைப் பிற்பாடு கற்கலாம். கரும்பலகையில் ஸ்வர எழுத்துக்களை எழுதி வாசிப்பதே தொடக்கத்துக்குச் சிறந்தது.

தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டில், ஏழைப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் பெரிய இயக்கம் ஒன்றை ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் 1975ஆம் ஆண்டில் தொடங்கினார். அங்கு மிகச் சிறிய பிள்ளைகள் முதலில் அட்டையாலும் காகிதத்தாலும் செய்த பிடில்களைப் பெற்றோருடன் சேர்ந்து செய்துகொள்கின்றனர். அதை ஏந்தி நிற்கவும், பாடவும், குழுவாக அமரவும் பழகிய பின்னரே உண்மைக் கருவி அவர்கள் கைக்கு வருகிறது. கருவி வாங்கப் பணம் சேரும்வரை காத்திராமல் இன்றே தொடங்க விரும்பும் ஊராட்சிக்கு இது நல்ல வழிகாட்டி. தகர டப்பா, கொட்டாங்கச்சி, மூங்கிற் குச்சி ஆகியவற்றைக் கொண்டு முதல் அரையாண்டை இனிதே நடத்தலாம்.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

இருபது பிள்ளைகள் கொண்ட குழுவுக்குச் சிறு டிரம் 4, பெரிய டிரம் 1, ஜால்ரா 1 இணை, முக்கோணம் 2, மெலோடிக்கா 4, புல்லாங்குழல் 8 என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றை ஒரே ஆண்டில் வாங்க வேண்டுவதில்லை. தாளக் கருவிகளை முதலிலும் ஸ்வரக் கருவிகளை அடுத்த ஆண்டிலும் வாங்குவது சிக்கனமானது.

மெலோடிக்கா என்பது வாயால் ஊதிக்கொண்டு விரலால் கட்டைகளை அழுத்தும் சிறு கருவி. ஆர்மோனியத்தைப் போலவே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஸ்வரம் அமைந்திருப்பதால் சுருதி பிசகாது. வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தாலே சங்கராபரணம் ஒலிக்கும். புல்லாங்குழலில் ஒலி வரவழைக்கச் சில நாள் பிடிக்கும். பிள்ளையின் விரல்கள் துளைகளை எட்டுமா என்று பார்த்து வாங்க வேண்டும். குழல்கள் யாவும் ஒரே சுருதியில் இருத்தல் இன்றியமையாதது. கடையிலேயே அவற்றை மெலோடிக்காவோடு சேர்த்து ஊதிப் பார்த்து வாங்குக. மலிவாகக் கிடைக்கிறது என்று வெவ்வேறு சுருதியில் எட்டுக் குழல் வாங்கிவிட்டால், எட்டுப் பேரும் சேர்ந்து வாசிக்கும் நாள் வரவே வராது.

பியூகிளைப் பற்றி ஒரு சொல். அதில் துளையும் இல்லை, கட்டையும் இல்லை. குழாயின் நீளம் மாறாதாகையால் உதட்டின் அழுத்தத்தை மாற்றி ச, க, ப ஆகியவற்றை மட்டுமே வெவ்வேறு ஸ்தாயிகளில் எழுப்ப முடியும். பார்வைக்கு எளிதாகத் தோன்றினும் சிறு பிள்ளைக்கு அது கடினமானது.

எடையையும் நோக்க வேண்டும். பள்ளிப் பை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை கூறுகிறது. தோளில் தொங்கும் டிரம்முக்கும் இதே அளவைக் கொள்வது நலம். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோவே எல்லை. பெரிய டிரம் இதனை எளிதில் மிஞ்சிவிடும். ஆகவே அதனை முக்காலியின்மேல் வைத்து அடிக்கச் செய்யலாம்.

கற்பிப்பவர் யார்?

தொடக்கப் பள்ளிகளில் இசைக்கெனத் தனி ஆசிரியர் இருப்பது அரிது. ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்தால் கற்பிக்கத் தக்கவர்கள் கண்ணில் படுவார்கள். நாகசுர, தவில் கலைஞர்கள், பறைக் கலைஞர்கள், திருமண ஊர்வலங்களில் வாசிக்கும் பாண்டு செட்டுக் கலைஞர்கள், படையிலும் காவல் துறையிலும் பாண்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், தேவாலயப் பாடகர்கள் என்று பலர் உளர். வடசென்னையில் கானாப் பாட்டுக்குத் தாளம் போடும் இளைஞர்கள் கைவேகத்தில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். இத்தகையோர் ஒருவரை வாரம் இரு முறை வரவழைத்து, அவருக்கு உரிய ஊதியத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். கலைஞர்தானே என்று வெறும் சால்வை போர்த்தி அனுப்புவது முறையன்று. வெளியிலிருந்து வருபவர் கற்பிக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடனிருத்தல் வேண்டும்.

கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கலைப் பயிற்சி அளிக்கின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பயின்று வெளிவந்த இளைஞர்களையும் அணுகலாம். சாரணர் இயக்கத்தின் குருளையர் பிரிவு உள்ள பள்ளியில் அணிநடைப் பயிற்சி முன்னரே இருப்பதால் வேலை பாதி குறையும். 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெற்று வரும் கலைத் திருவிழா, பிள்ளைகள் தாம் கற்றதை மேடையேற்ற நல்ல வாய்ப்பாகும். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008ஆம் ஆண்டில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியின் சார்பில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி அளித்து 'சன்ஷைன்' என்னும் வாத்தியக் குழு அமைக்கப்பட்டது. வறுமை இசைக்குத் தடையாகாது என்பதற்கு இது சான்று.

எல்லார் கைக்கும் எல்லாக் கருவியும்

இனி, தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு வருவோம். "மேளம் அடிக்கவா பிள்ளையை அனுப்புகிறோம்?" என்று கேட்பவர் மனத்தில் உள்ளது என்ன என்பதை நாம் அறிவோம். தோல் கருவியைத் தொடுவது ஒரு சாராருக்கு உரிய வேலை என்றும், அது இழிந்தது என்றும் நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணமே அது. ஒருபுறம் இந்த எண்ணத்தால் சில பெற்றோர் தம் பிள்ளையைச் சேர்க்க மறுக்கின்றனர். மறுபுறம், பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட முன்னோரின் துன்பத்தை நினைத்து, "எங்கள் பிள்ளையும் குச்சி பிடிக்க வேண்டுமா?" என்று வேறு சில பெற்றோர் தயங்குகின்றனர். பின்னவர்களின் தயக்கம் நியாயமானது. அதனை மரியாதையோடு கேட்டு விடை கூற வேண்டும்.

தமிழ் இலக்கணம் என்ன சொல்கிறது? தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. வயல் சூழ்ந்த மருத நிலத்துக்கு நெல்லரிகிணை, கடல் சார்ந்த நெய்தலுக்கு மீன்கோட்பறை, மலை நிலமான குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என்று பிற்கால இலக்கணிகள் வகுத்தனர். நெல் அறுப்போருக்கும் மீன் பிடிப்போருக்கும் ஆளுக்கொரு பறை இருந்தது என்பது இதன் பொருள். பறை நிலத்துக்கு உரியதாகவும் தொழிலுக்கு உரியதாகவும் எண்ணப்பட்டது; பிறப்பைக் காட்டி எவர் தலையிலும் சுமத்தப்பட்ட சுமையாக இவ்வகுப்பில் அது கூறப்படவில்லை. கோவிலில் முழங்கும் தவிலும் கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கமும் தோலால் ஆனவையே அல்லவா?

தீண்டாமையை நமது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950 முதல் ஒழித்துவிட்டது. எனினும் சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கிப் பள்ளி வளாகத்துக்குள் வருவது நம் செயலால்தான். ஆகவே பள்ளிப் பாண்டில் ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கருவிகளையும் முறை வைத்து வாசிக்க வேண்டும். இத்தனாம் வாரம் இன்னார் பெரிய டிரம், இன்னார் குழல் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுக. இரண்டாம் ஆண்டில் பிள்ளையின் விருப்பம், விரல், மூச்சு ஆகியவற்றை நோக்கிக் கருவியை நிலைப்படுத்தலாம். 'இவன் வீட்டில் இதுதானே தொழில், இவனுக்கு டிரம்மைக் கொடு' என்ற பேச்சு ஆசிரியர் வாயிலும் உறுப்பினர் வாயிலும் எழவே கூடாது. குழுத் தலைவனும் முறை வைத்தே மாற வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே விதி பொருந்தும். அவர்களை முக்கோணத்தோடு நிறுத்திவிட்டுப் பெரிய கருவிகளை ஆண் பிள்ளைகளுக்கே கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. எட்டு, ஒன்பது வயதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் உடல் வலிமையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

பறைக் கலைஞர் ஒருவரை ஆசிரியர் என்று அழைத்து, தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்று, பிள்ளைகள் வணக்கம் கூறி அவரிடம் கற்கும் பள்ளியில், மேற்சொன்ன கேள்வி சில ஆண்டுகளில் தானே மறைந்துபோகும்.

உடல் நலம்

மூடிய அறையில் நான்கு டிரம்கள் சேர்ந்து ஒலித்தால் காதுக்குக் கேடு. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது தொழிலாளருக்கு வகுத்த அளவு. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைய வேண்டும். டிரம் ஒலியோ அந்த அளவை எளிதில் கடந்துவிடுகிறது. குழந்தைகளின் காது மேலும் காப்புக்கு உரியது. ஆகவே மரநிழலிலோ திறந்த வெளியிலோ பயிற்சி நடத்துக. அன்றாடப் பயிற்சியை டிரம்மின்மேல் அல்லாமல் ரப்பர்த் தட்டின்மேல் செய்க. ஒரு முறைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று முறை என்பது போதுமானது.

ஊதும் கருவிகளை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு மாற்றலாகாது. சளி, காய்ச்சல் முதலியவை இவ்வழியே பரவ இடமுண்டு. மெலோடிக்காவின் வாய்க்குழாயை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வாங்கிக் கொடுத்துப் பெயர் எழுதி வைக்கலாம். குழல் முதலியவற்றைக் கைமாற்றும் முன் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். முறை வைத்துக் கருவி மாற்றும் விதிக்கு இத்தூய்மை இன்றியமையாதது.

எண்ணூர், மணலி போன்று நிலக்கரித் தூளும் ஆலைப் புகையும் உள்ள பகுதிகளில் இரைப்பு உள்ள பிள்ளைகளைக் காணலாம். அவர்களை ஒதுக்கிவிட வேண்டா. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் கருத்தைக் கேட்டு ஊதும் கருவியோ தாளக் கருவியோ கொடுக்கலாம். புகை மிகுந்த நாளில் வெளியில் நடைப் பயிற்சியை நிறுத்திவைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

கருவிகளைப் பேணுதல்

கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்று கருவிகளுக்குப் பகை. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். டிரம்மின் இரும்புத் திருகுகள் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். திருகுகளுக்குத் திங்கள் ஒரு முறை சிறிது எண்ணெய் இடுக. தோல் பரப்பிய டிரம் மழைக்காலத்தில் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் பரப்புடையது ஈரத்தைத் தாங்கும். கோடை விடுமுறைக்கு முன் டிரம்மின் திருகுகளைச் சற்றே தளர்த்தி வைப்பது நலம். கருவிகளை இருப்புப் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதி, பிள்ளைகளுள் இருவரைக் காப்பாளராக்கிவிட்டால் பொறுப்புணர்ச்சி வளரும். பூட்டிய அலமாரியில் கிடந்து துருவேறும் டிரம்மைவிட, வாசித்துத் தேய்ந்த டிரம்மே பள்ளிக்குப் பெருமை.

பெற்றோர் செய்யவேண்டியது

வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி, வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரப் பயிற்சியைவிட மேலானது. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் துறைமுகத் தொழிலாளியின் வீட்டிலோ, விடியற்காலையில் கடலுக்குச் செல்லும் மீனவர் வீட்டிலோ டிரம் ஒலிக்க முடியாது என்பது உண்மையே. தலையணையின்மேல் குச்சியால் அடித்தும், சொற்கட்டை மெல்லச் சொல்லியும் பிள்ளை பழகலாம். அறுவடை நாட்களில் பயிற்சி சில நாள் தடைப்பட்டாலும் குற்றமில்லை. "இரைச்சல்" என்று கடிந்துகொள்ளாமல், "இன்று என்ன கற்றாய், அடித்துக் காட்டு" என்று தாயும் தந்தையும் கேட்டாலே பிள்ளைக்கு ஊக்கம் பிறக்கும். முதல் சில திங்கள் இசை இனிமையாயிராது. அதனைப் பொறுத்துக்கொள்வது பெற்றோர் தரும் முதல் காணிக்கை.

ஊரார் கடமை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பாண்டு வாத்தியக் குழுவைத் தொடங்கும் தீர்மானத்தை இக்குழுவிலேயே நிறைவேற்றிக் கணக்கையும் அங்கேயே வைக்க வேண்டும்.

பொருளுக்கு வழிகள் உள. பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் உதவுவதற்காகத் தமிழ்நாடு அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் திட்டத்தை 2022 டிசம்பரில் தொடங்கியது. மேலும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாய நலனுக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் அடங்கும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆலைகள் சூழ்ந்த ஊர்கள் இதனைக் கேட்டுப் பெறலாம். சீருடைக்குச் செலவிடுவதைப் பிந்தி வைத்துக்கொள்க. கருவியும் ஆசிரியர் ஊதியமும் முந்தியவை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குழு நன்றாக வாசிக்கத் தொடங்கியதும் திருமணத்துக்கும் கடை திறப்புக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். ஊர்ப் பெரியவர்களே கேட்பதும் உண்டு. இதற்கு இடங்கொடுத்தலாகாது. பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சட்டம் தடுக்கிறது. விருந்தினர் வருகைக்காகப் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதும் கொடுமையே. பள்ளிப் பாண்டு பள்ளியின் விழாக்களுக்கும் ஊரின் பொது விழாக்களுக்கும் மட்டுமே உரியது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுக.

சூன் திங்களில் பள்ளி திறந்ததும் சொற்கட்டும் பாட்டும் தொடங்கட்டும். காலாண்டுத் தேர்வுக்குப் பின் கைத்தாளமும் சிறு டிரம்மும் வரட்டும். சனவரி 26ஆம் நாள் கொடியேற்றும்போது, நின்ற இடத்திலிருந்தே ஒரே ஓர் அணிநடைத் தாளத்தை எல்லாப் பிள்ளைகளும் பிசகின்றி வாசித்தால் முதல் ஆண்டுக்கு அது நிறைந்த விளைச்சல். அடுத்த ஆண்டில் குழலும் மெலோடிக்காவும் சேரும். இதற்கான பேச்சைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே எடுத்து, பறை தெரிந்தவரையும் பாடத் தெரிந்தவரையும் அக்கூட்டத்துக்கு அழைக்குமாறு ஊராட்சி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.